சைபோர்க்: டென்மார்க்கில் இல்லாத ஊர்

மான்ஃப்ரெட் கிளைன்ஸ் தான் கட்டிய புதுச் சொல்லை நேதன் கிளைனிடம் சொல்லிக் காட்டினார். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் டென்மார்க்கில் இருக்கும் ஏதோ ஊர்ப் பெயர் மாதிரி ஒலிக்கிறதே என்றாராம் கிளைன். பல்லாண்டு கழித்து ஒரு பேட்டியில் கிளைன்ஸே சொன்ன செய்தி இது. கிளைன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஆல்போர்க், விபோர்க் என்று டென்மார்க்கில் நிஜமான ஊர்கள் உண்டு. அங்கே ‘போர்க்’ என்றால் கோட்டை. சைபோர்க்கில் வரும் ‘போர்க்’குக்கும் கோட்டைக்கும் எந்த உறவும் கிடையாது. ‘சைபர்நெட்டிக்’ என்ற சொல்லின் முன்துண்டையும் ‘ஆர்கனிசம்’ என்ற சொல்லின் முன்துண்டையும் வெட்டி ஒட்டியது அது. ‘ப்’ ஒரு வீட்டுப் பிள்ளை, ‘ஓர்க்’ இன்னொரு வீட்டுப் பிள்ளை.

இருவர் பெயருக்கும் இடையே ஓர் ‘ஸ்’தான் வித்தியாசம் என்பதால் முதலிலேயே பிரித்துச் சொல்லிவிடுகிறேன். கிளைன்ஸ் 1925இல் வியன்னாவில் பிறந்தவர். நாஜிகளுக்குத் தப்பி ஆஸ்திரேலியா போன யூதக் குடும்பம். மெல்போர்னில் பொறியியலும் இசையும் சேர்த்துப் படித்தார். மேடைக் கச்சேரி செய்யும் பியானோக் கலைஞர். அதோடு மூச்சு இழுக்கும்போதும் விடும்போதும் இதயத்துடிப்பு எப்படி ஏறி இறங்குகிறது என்பதைச் சமன்பாட்டில் பிடிக்க முயன்றவர். கிளைன் மனநல மருத்துவர். இருவரும் நியூயார்க் மாநிலத்து ஆரஞ்ச்பர்கில் இருந்த ராக்லாண்ட் அரசு மனநல மருத்துவமனையில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்கள். சைபோர்க் என்றதும் இரும்புத் தாடையும் சிவப்புக் கண்ணும் நினைவுக்கு வருகிறவர்களுக்கு இந்தப் பிறந்த இடம் வியப்பாக இருக்கும். அந்தச் சொல் ஆயுதச்சாலையில் பிறக்கவில்லை. ஒரு மனநல மருத்துவமனையில், பியானோ வாசிப்பவர் ஒருவருக்கும் மருந்து கொடுப்பவர் ஒருவருக்கும் பிறந்தது.

மருந்து கொடுப்பவர் என்று சும்மா சொல்லவில்லை. கிளைனுக்குப் புகழ் வந்ததே சர்ப்பகந்தியால்தான். நம் நாட்டு வைத்தியத்தில் நெடுங்காலமாகப் புழங்கிய வேர் அது. இரத்தக் கொதிப்பை அது தணிக்கும் என்பதை 1949இல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் நோயாளிகளின் கணக்கோடு எழுதிக் காட்டினார் பம்பாய் இதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல். 1952இல் சுவிட்சர்லாந்துச் சோதனைச்சாலையில் அந்த வேரிலிருந்து ரிசர்பின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். அதை மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தவர்களில் கிளைன் முன்னணியில் நின்றார். 1957ஆம் ஆண்டின் லாஸ்கர் விருது பட்டியலில் கிளைன் பெயரும் வக்கீல் பெயரும் ஒன்றாகவே இருக்கின்றன. மூன்று ஆண்டு கழித்து அதே கிளைனின் பெயர் சைபோர்க் கட்டுரையில் வருகிறது. அந்தக் கட்டுரையில் உலோகத்தைவிட மருந்து அதிகமாக இருப்பதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

கட்டுரையின் பெயர் ‘சைபோர்க்குகளும் விண்வெளியும்’. 1960 மே மாதம் டெக்சாஸின் சான் அன்டோனியோவில், அமெரிக்க விமானப்படையின் மருத்துவப் பள்ளி நடத்திய கருத்தரங்கில் முதலில் பேசப்பட்டது. செப்டம்பரில் ‘அஸ்ட்ரோநாட்டிக்ஸ்’ இதழில் அச்சாயிற்று. யூரி ககாரின் விண்ணுக்குப் போனது 1961 ஏப்ரலில். ஆக, ஒரு மனிதன்கூடப் பூமியை விட்டுப் போகாத காலத்தில் எழுதப்பட்டது.

கட்டுரையில் ஒரு மீன் வருகிறது. நிலத்தில் வாழ ஆசைப்படும் மீன். உயிர்வேதியியலும் பொறியியலும் கற்ற, நல்ல ஆய்வகமும் வாய்த்த புத்திசாலி மீனாக இருந்தால், காற்றை மூச்சாக்கும் கருவி ஒன்றைத் தனக்குத் தானே செய்து பொருத்திக்கொண்டு கரையேறலாம். ஆனால் நாம் விண்வெளிக்குப் போகத் திட்டமிடும் விதமோ, அந்த மீன் ஒரு குமிழித் தண்ணீரைக் கூடவே தூக்கிக்கொண்டு கரையில் நடக்கப் பார்ப்பது போன்றது. குமிழி எந்த நேரமும் உடையலாம். பூமியைப் பொட்டலம் கட்டி எடுத்துப் போவதைவிட, போகிற இடத்துக்கு ஏற்ப உடம்பை மாற்றிக்கொள்வதுதானே முறை? கேள்வி அவ்வளவுதான். விடைகள் மட்டும் துணிச்சலானவை. நுரையீரலுக்குப் பதிலாகக் கரியமில வாயுவைப் பிரித்து உயிர்வளியைத் திருப்பித் தரும் ஒரு கலம்; கதிரியக்கம் கூடினால் தானே உணர்ந்து பாதுகாப்பு மருந்தை உடலுக்குள் விடும் பம்பு; நெடும்பயணத்தில் உடல் வெப்பத்தைக் குறைத்துச் செலவைச் சுருக்குவது; தூக்கத்தைத் தள்ளிப்போட மருந்து.

இத்தனைக்கும் கட்டுரையில் படம்போட்டுக் காட்டிய சைபோர்க் யார் தெரியுமா? ஒரு வெள்ளெலி. எடை 220 கிராம். அதன் தோலுக்கடியில், வால் பக்கம், ரோஸ் பம்பு என்ற சின்னக் குழாய். சவ்வூடு பரவலால் ஓடும் பம்பு. பேட்டரி கிடையாது, சாவி கிடையாது. மருந்தை நாள் கணக்கில் சொட்டுச் சொட்டாக எலிக்குள் விட்டுக்கொண்டே இருக்கும். எலிக்கு அது ஒன்று இருப்பதே தெரியாது. முதல் சைபோர்க்குகளில் ஒன்று என்று அந்த எலியைத்தான் அறிமுகப்படுத்துகிறார்கள்.

எலிக்குத் தெரியாது என்பதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சைபோர்க்குக்கு அவர்கள் கொடுத்த இலக்கணம் நீளமானது, வாய்க்குள் நுழையாதது. தமிழில் இளக்கிச் சொன்னால்: வெளியிலிருந்து சேர்க்கப்பட்ட பாகங்களோடு விரிந்து, எல்லாம் ஒன்றாகிச் சமநிலை காத்துக்கொள்ளும் ஓர் அமைப்பு, அதுவும் தன் நினைவின்றி. கடைசியில் நிற்கும் இந்தத் ‘தன் நினைவின்றி’தான் உயிர். நம் இதயம் நம்மைக் கேட்டுக்கொண்டு துடிப்பதில்லை; வியர்வை அனுமதி வாங்கிக்கொண்டு சுரப்பதில்லை. சேர்க்கும் கருவியும் அப்படியே வேலை செய்ய வேண்டும். உயிரோடிருப்பதற்காகவே ஓயாமல் முள்ளையும் குமிழையும் பார்த்துச் சரிசெய்துகொண்டிருந்தால் மனிதன் யந்திரத்துக்கு அடிமையாகிவிடுவான் என்பது அவர்கள் கவலை. அந்த வேலையைக் கருவியிடம் விட்டுவிட்டு அவன் நிம்மதியாகச் சுற்றிப் பார்க்கவும் யோசிக்கவும் படைக்கவும் வேண்டும் என்பது ஆசை. சொல் உலகைச் சுற்றி வந்தபோது இரும்பும் வலிமையும் வேகமும் அதன்மேல் ஏறிக்கொண்டன. அந்தக் கடைசித் துண்டு மட்டும் வழியில் எங்கோ விழுந்துவிட்டது.

சொல்லின் முன்பாதிக்குப் போவோம். நார்பர்ட் வீனர் 1948இல் வெளியிட்ட நூலின் பெயர் ‘சைபர்நெட்டிக்ஸ்’. இரண்டாம் உலகப்போரில், பறந்து வரும் விமானம் அடுத்த நொடி எங்கே இருக்கும் என்று கணக்கிட்டுப் பீரங்கியைத் திருப்பும் சிக்கலில் உழைத்த கணிதவியலர் அவர். குறி தவறிய அளவையே திரும்ப உள்ளே கொடுத்து அடுத்த குறியைத் திருத்துவது, அதாவது பின்னூட்டம், விலங்கின் உடலிலும் இயந்திரத்திலும் ஒரே மாதிரி வேலை செய்கிறது என்பது அவர் கண்டது. அந்தத் துறைக்குப் பெயர் தேடியபோது கிரேக்க மொழியின் ‘குபெர்நேத்தேஸ்’ கிடைத்தது. பொருள், கப்பலின் சுக்கான் பிடிப்பவர். அதே சொல்தான் லத்தீனுக்குப் போய் ‘குபர்னாத்தோர்’ ஆகி, ஆங்கிலத்தில் ‘கவர்னர்’ ஆயிற்று. நீராவி எஞ்சினின் வேகத்தைத் தானே கட்டுப்படுத்தும் உறுப்புக்கும் கவர்னர் என்றே பெயர்; ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் 1868இல் அதைப் பற்றி எழுதிய ஆய்வுக்கு மரியாதை செய்யவும் வீனர் இந்தப் பெயரை எடுத்தார். ஆக, கிண்டியில் இருக்கும் ஆளுநருக்கும் சைபோர்க்குக்கும் தாத்தா ஒருவரே. ஆட்சிக்கலை என்ற பொருளில் இதே சொல்லை ஆம்பியர் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே பிரெஞ்சில் பயன்படுத்திவிட்டார் என்பது வீனருக்குப் பிறகுதான் தெரிந்தது.

சுக்கான் என்பது நமக்கு அரபியிலிருந்து வந்த சொல். சுக்கான் பிடிப்பவருக்கோ பழைய தமிழில் நீகான் என்றும் மீகாமன் என்றும் பெயர்கள் உண்டு. அகநானூற்றின் 255ஆம் பாட்டில் ஒரு நீகான் வருகிறார். இரவில், கரையில் உயர்ந்த மாடத்து விளக்கொளியைப் பார்த்துத் திசை அறிந்து கலத்தைச் செலுத்துகிறார். விளக்கைப் பார்க்கிறார், விலகலை உணர்கிறார், சுக்கானைத் திருப்புகிறார், மறுபடி விளக்கைப் பார்க்கிறார். வீனர் சொல்ல வந்ததும் இதே சுற்றுத்தான்.

பின்பாதி இன்னும் சுவையானது. ‘ஆர்கனிசம்’ என்றால் உயிரி. அதற்கு வேர் ‘ஆர்கன்’. அதன் மூலமான கிரேக்க ‘ஓர்கனான்’ என்ற சொல்லுக்குப் பொருள் கருவி. உடலின் உறுப்பும் மாதா கோயில் ஆர்கனும் பெயரில் ஒன்றாக இருப்பது இதனால்தான். இயந்திரத்தோடு கலக்காத தூய உயிர் என்று நாம் நினைக்கும் அந்தப் பாதிக்குள்ளேயே கருவி உட்கார்ந்திருக்கிறது. சைவ சித்தாந்தம் படித்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. அங்கே கண்ணும் காதும் மனமும் புத்தியும் எல்லாமே ‘கருவி கரணங்கள்’தான்.

ஒரு சின்னக் கிளைக்கதை. தமிழில் ‘சைபர்’ என்றால் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பூஜ்யம். கணக்கில் சைபர் வாங்கினவன் அப்பாவிடம் அடி வாங்கினான். அந்தச் சைபர், சமஸ்கிருதச் சூனியம் அரபியில் ‘ஸிஃப்ர்’ என்று மொழிபெயர்க்கப்பட்டு, ஐரோப்பா போய்த் திரும்பி நம்மிடம் வந்தது. ‘சைபர் கிரைம்’ என்று செய்தித்தாளில் வரும் சைபரோ சுக்கான்காரர் வீட்டுப் பிள்ளை. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. தமிழ் எழுத்தில் மட்டும் இரட்டைப் பிள்ளைகள்.

சொல் வந்தது 1960இல் என்றாலும் ஆள் அதற்கு முன்பே கதைகளில் நடமாடிக்கொண்டிருந்தான். எட்கர் ஆலன் போ 1839இல் எழுதிய ஒரு நையாண்டிக் கதையில், ஊரே வியக்கும் கம்பீரமான படைத்தலைவர் ஒருவரை அவர் அறைக்குள் போய்ப் பார்த்தால் தரையில் ஒரு மூட்டை கிடக்கிறது. வேலைக்காரன் கால், கை, தோள், பல், கண் என்று ஒவ்வொன்றாகப் பூட்டப் பூட்ட, மூட்டை படைத்தலைவர் ஆகிறது. ஃபிராங்க் பாம் 1900இல் எழுதிய ஆஸ் கதையின் தகர மரவெட்டியும் இதே கூட்டம். சூனியம் வைத்த கோடரி ஒவ்வோர் உறுப்பாக வெட்ட, தகரக் கொல்லன் ஒவ்வொன்றாகத் தகரத்தில் செய்துகொடுக்கிறான். 1918இல் வந்த தொடர்ச்சியில் பாம் இதை இன்னும் இழுக்கிறார்: மரவெட்டி கொல்லன் வீட்டு அலமாரியைத் திறந்தால் உள்ளே அவனுடைய பழைய தலை, பேசிக்கொண்டு, கொஞ்சம் கடுகடுப்பாக. இருவரில் யார் அசல் என்று இரண்டு பேருக்குமே தெளிவில்லை. குழந்தைக் கதை என்று ஒதுக்கிவிட முடியாத இடம்.

நம் பக்கம் பொற்கைப் பாண்டியன் இருக்கிறான். ஊரில் இல்லாத கீரந்தையின் வீட்டைக் காக்க இரவில் மாறுவேடத்தில் சுற்றியவன், ஒருநாள் கீரந்தையே திரும்பி வந்திருப்பதை அறியாமல் கதவைத் தட்டிவிட்டான்; அந்த மனைவிமேல் பழி வராமலிருக்கத் தெருவில் எல்லாக் கதவையும் தட்டினான்; மறுநாள் அவையில், தட்டிய கையைத் தானே வெட்டிக்கொண்டான். பிறகு பொன்னால் கை செய்து பொருத்திக்கொண்டான் என்பது வழிவழிக் கதை. கை வெட்டிய செய்தி சிலப்பதிகாரத்திலேயே இருக்கிறது. பாண்டியன் சைபோர்க்கா? 1960இன் இலக்கணப்படி இல்லை. பொற்கை அழகு, நீதிக்கு அடையாளம்; ஆனால் உடம்போடு அது பேசுவதில்லை. சூடு பட்டால் பின்வாங்காது, உடம்பின் சமநிலையில் அதற்குப் பங்கில்லை. போவின் படைத்தலைவரும் இதே காரணத்தால் தேறமாட்டார்.

சொல்லுக்கு முந்தைய கதைகளில் என்னை அதிகம் தொந்தரவு செய்வது கார்ட்வெயினர் ஸ்மித் எழுதி 1950இல் வெளியான ஸ்கேனர்கள் கதை. விண்வெளியின் வலியைத் தாங்குவதற்காக அவர்களுடைய மூளைக்கும் உடம்புக்கும் இடையே நரம்புத் தொடர்பைத் துண்டித்துவிடுகிறார்கள். கண் மட்டும் மிச்சம். மார்பில் ஒரு பெட்டி, அதில் முள்கள். தன் உடம்புக்குச் சுகமா, ஆபத்தா என்பதை அந்த முள்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எந்நேரமும் தன்னைத் தானே வாசித்துக்கொண்டிருக்கும் மனிதர்கள். கிளைன்ஸும் கிளைனும் எதைத் தவிர்க்க வேண்டும் என்றார்களோ அதையே பத்து ஆண்டுக்கு முன்பு ஒரு கதைக்காரர் அப்பட்டமாக எழுதிவைத்திருக்கிறார். உடலுக்குள் இயந்திரம் எவ்வளவு புகுந்திருந்தாலும் ஸ்கேனர், சைபோர்க்கின் நேர் எதிர்ப்பக்கம்.

நாசா இந்த யோசனையைக் கொஞ்ச நாள் தீவிரமாகவே எடுத்துக்கொண்டது. யுனைடெட் ஏர்கிராஃப்ட் நிறுவனத்திடம் ஆய்வை ஒப்படைத்து, 1963 மே மாதம் ‘சைபோர்க் ஆய்வு’ என்ற பெயரிலேயே அறிக்கை வாங்கியது: செயற்கை உறுப்புகள், உடலைக் குளிர்விப்பது, மருந்துகள். அத்தோடு சரி. விண்வெளி வீரர்கள் தண்ணீர்க் குமிழியைத் தூக்கிக்கொண்டுதான் நிலவுக்குப் போனார்கள். இன்றும் அப்படித்தான் போகிறார்கள். ஆய்வுக்கூடம் கைவிட்ட சொல்லைக் கதைக்காரர்கள் பொறுக்கிக்கொண்டார்கள்.

ஜப்பானில் ஷோதாரோ இஷினோமோரி 1964இலேயே ‘சைபோர்க் 009’ என்று சித்திரக்கதை தொடங்கிவிட்டார். பிரிட்டிஷ் தொலைக்காட்சியின் ‘டாக்டர் ஹூ’ தொடரில் 1966இல் சைபர்மென் வந்தார்கள். அவர்களைப் படைத்த இருவரில் கிட் பெட்லர் மருத்துவ ஆராய்ச்சியாளர், உறுப்பு மாற்று சிகிச்சை எங்கே போய் முடியுமோ என்று பயந்தவர். அந்தப் பயம் அப்படியே பாத்திரமாயிற்று. அமெரிக்காவில் மார்ட்டின் கெய்டின் 1972இல் எழுதிய நாவலின் பெயரே ‘சைபோர்க்’. விமான விபத்தில் சிதைந்த ஒருவனுக்குக் கால்களும் ஒரு கையும் ஒரு கண்ணும் இயந்திரமாகப் பொருத்துகிறார்கள். அது தொலைக்காட்சிக்குப் போனபோது ‘அறுபது லட்சம் டாலர் மனிதன்’ ஆகிவிட்டது. சைபோர்க் என்ற சொல் பின்னால் போய் ‘பயோனிக்’ முன்னால் வந்தது. பயோனிக்ஸ் என்பது ஜாக் ஸ்டீல் என்ற விமானப்படை மருத்துவர் 1958இல் கட்டிய சொல். உயிர்களிடம் பாடம் கற்றுப் பொறி செய்வது அதன் பொருள். கை கால் பூட்டுவதற்கும் அதற்கும் தொடர்பு குறைவு. இரண்டு சொற்களும் இடம் மாறி உட்கார்ந்தன, பிறகு எழுந்திருக்கவே இல்லை.

பிறகு 1984. ‘டெர்மினேட்டர்’. எதிர்காலத்திலிருந்து வந்தவன் தன்னைத் துரத்துவதைச் சைபோர்க் என்றே சொல்கிறான். உள்ளே உலோக எலும்புக்கூடு, வெளியே உயிருள்ள சதை. நன்றாகக் கவனித்தால் இது தலைகீழ். மூலச் சொல்லில் உயிரி முதலாளி, கருவி வேலையாள். இங்கே இயந்திரம் முதலாளி, சதை போர்வை. மனிதன் என்று ஒருவன் அதற்குள் இருந்ததே இல்லை. ரோபோ மேல் தோல் போர்த்தினால் அது தோல் போர்த்திய ரோபோ, அவ்வளவுதான். ‘என் இனிய இயந்திரா’வின் ஜீனோவையோ ‘எந்திர’னின் சிட்டியையோ நாம் சைபோர்க் என்று சொல்வதில்லையே, டெர்மினேட்டரும் அந்த வரிசையில் நிற்க வேண்டியவர். கிளைன்ஸுக்கு அந்தப் படத்தின்மேல் கோபம். தங்கள் அறிவியல் கருத்தைத் திரித்து அதிலிருந்த மனிதத்தன்மையை உறிஞ்சி எடுத்துவிட்டார்கள் என்று பேட்டியில் வெளிப்படையாகவே வருந்தினார். மூன்று ஆண்டு கழித்து வந்த ‘ரோபோகாப்’ பெயரில் ரோபோ. ஆனால் செத்த காவலரின் நினைவு உள்ளே முட்டிக்கொண்டிருப்பதால் சைபோர்க் என்ற பெயருக்கு அதற்கே உரிமை அதிகம். மூலக் கட்டுரைக்கு மிக அருகில் போனது ஃபிரெடரிக் போலின் 1976 நாவலான ‘மேன் பிளஸ்’. செவ்வாயில் கவசமின்றி நடமாட ஒருவனை மாற்றியமைக்கும் கதை. கரையேறிய மீன்.

1989இல் ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரில் ‘போர்க்’ என்ற இனம் வந்தது. சைபோர்க்கின் வால். மூட்டு பார்த்து வெட்டியிருந்தால் ‘ஓர்க்’ என்றல்லவா வந்திருக்க வேண்டும்? இவர்கள் எலும்பில் வெட்டியதால் பக்கத்து வீட்டு ‘ப்’பும் கூடவே வந்துவிட்டது. இந்தப் போர்க்குக்கு ஒரு விசித்திரமான பிற்காலம் அமைந்தது. கூகுள் தன் ஆயிரக்கணக்கான கணினிகளை மேய்க்கும் உள்மென்பொருளுக்கு ‘போர்க்’ என்று பெயர் வைத்தது. அதன் அனுபவத்தில் எழுதி 2014இல் எல்லாருக்கும் திறந்துவிட்ட மென்பொருளின் பெயர் ‘குபர்நெட்டீஸ்’. வீனர் எடுத்த அதே கிரேக்கச் சுக்கான்காரர்! சின்னமும் கப்பல் சக்கரம்தான். அதில் ஏழு ஆரக்கால். முதலில் வைத்திருந்த ரகசியப் பெயரில் இருந்த ஏழின் நினைவு, அந்த ஏழும் ஸ்டார் ட்ரெக்கின் போர்க் பெண் ஒருத்தியின் பெயரிலிருந்து வந்தது. பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகங்களில் இதைக் கே-எயிட்-எஸ் என்று சுருக்கிச் சொல்லி நாள் முழுக்கப் புழங்கும் இளைஞர்களில் பலருக்குத் தாங்கள் சைபோர்க்கின் தாத்தாவோடு வேலை செய்கிறோம் என்பது தெரிந்திருக்காது.

டோனா ஹாரவே 1985இல் எழுதிய ‘சைபோர்க் அறிக்கை’யைப் பற்றித் தமிழிலும் நிறையப் பேசியாகிவிட்டது, சுருக்கமாகக் கடக்கிறேன். மனிதர்–விலங்கு, உயிர்–இயந்திரம் என்ற வேலிகள் இற்றுப்போன காலத்தில் நாம் எல்லாரும் சைபோர்க்குகளே என்றார் அவர். ஆசிய நாடுகளின் மின்னணு ஆலைகளில் நுண்சில்லு பூட்டும் பெண்கள் அந்தக் கட்டுரையில் இருக்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூரில் கைபேசி பூட்டும் பெண்களைப் பார்த்திருந்தால் அவர்களையும் எழுதியிருப்பார். அரசியலுக்கு அது பெரிய திறப்பு. சொல்லுக்கு அதனால் வந்த சேதமும் உண்டு. எல்லாரும் சைபோர்க் என்றான பிறகு யாரையும் தனியாக அப்படி அழைக்கக் காரணம் இல்லை. கைபேசி வைத்திருப்பவரெல்லாம் சைபோர்க் என்ற பேச்சு இந்த வழியில்தான் பரவியது. கிளைன்ஸே ஒருமுறை, சைக்கிள் ஓட்டுபவர் கிட்டத்தட்ட சைபோர்க் ஆகிவிடுகிறார் என்றார். அதை ஏற்கலாம், பழகியபின் சமநிலை பிடிப்பதை யாரும் நினைத்துச் செய்வதில்லை. கைபேசி அப்படியா? நிமிடத்துக்கு ஒருமுறை என்னைப் பார், என்னைப் பார் என்று கூப்பிடுகிறது. அதைக் கையில் வைத்திருப்பவர் ஸ்மித்தின் ஸ்கேனருக்குத்தான் சொந்தக்காரர்.

நிஜ உடம்புகளுக்கு வருவோம். 1958 அக்டோபர் 8, ஸ்வீடனின் கரோலின்ஸ்கா மருத்துவமனை. அறுவை மருத்துவர் ஓகே சென்னிங், பொறியாளர் ரூனே எல்ம்க்விஸ்ட் செய்த பேஸ்மேக்கரை ஆர்னே லார்சனின் உடலுக்குள் வைத்தார். முழுக்க உடம்புக்குள் வைத்த முதல் பேஸ்மேக்கர் அது. ஷூ பாலிஷ் டப்பாவை அச்சாக வைத்துப் பிசினில் வார்த்தது. சில மணி நேரத்தில் நின்றுபோனது, மாற்று வைத்தார்கள். அதன்பின் வாழ்நாளில் இருபதுக்கு மேற்பட்ட பேஸ்மேக்கர்களைப் பார்த்த லார்சன், அந்த மருத்துவரும் பொறியாளரும் போன பிறகும் இருந்து 2001இல் 86 வயதில் இறந்தார். அதுவும் இதயத்தால் அல்ல, புற்றுநோயால். சொல் பிறப்பதற்கு இரண்டு ஆண்டு முன்பே சைபோர்க் பிறந்துவிட்டாரா என்றால், கொஞ்சம் பொறுக்க வேண்டும். அந்தக் கால பேஸ்மேக்கர் இதயத்தைக் கேட்காது. இதயம் தானே துடித்தாலும் துடிக்காவிட்டாலும் குறித்த வேகத்தில் அடித்துக்கொண்டே போகும், தாளக்காரர் பாட்டைக் கவனிக்காமல் தட்டுவதுபோல. 1960களின் நடுவில் பரூக் பெர்கோவிட்ஸ் செய்த பேஸ்மேக்கர்தான் முதலில் கேட்டது: இதயம் துடித்தால் சும்மா இருக்கும், ஒரு துடிப்பு தவறினால் மட்டும் கொடுக்கும். நீகான் விளக்கைப் பார்க்கத் தொடங்கியது அங்கேதான். இன்று ‘பேஸ்மேக்கர் வெச்சிருக்காங்க’ என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் மாமாக்களும் அத்தைகளும் அசல் இலக்கணப்படியான சைபோர்க்குகள். அப்படிக் கூப்பிட்டால் திட்டு விழும்.

கெவின் வார்விக் தன்னை முதல் சைபோர்க் என்று பரவலாக அறியச்செய்தவர். பிரிட்டனின் ரீடிங் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். 1998இல் கையில் ஒரு சில்லு பொருத்திக்கொண்டார். அவர் வந்தால் கதவு திறக்கும், விளக்கு எரியும். இதில் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. அடையாள அட்டையைச் சட்டைப்பையிலிருந்து தோலுக்கடியில் மாற்றியதற்குமேல் அதில் ஒன்றும் நடக்கவில்லை. 2002இல் செய்ததோ வேறு கதை. கை நரம்புக்குள் 100 மின்முனைகள். நியூயார்க்கில் அவர் கையை மூடினால் இணையம் வழியே இங்கிலாந்தில் ஓர் இயந்திரக் கை மூடியது, அதன் விரல்நுனி அழுத்தம் திரும்ப அவர் நரம்புக்கு வந்தது. சுற்று முழுமையாயிற்று. நிறமே தெரியாமல் பிறந்த நீல் ஹார்பிசன், நிறத்தை ஒலியாக மாற்றும் ஆன்டெனாவைத் தலையில் பொருத்தியிருக்கிறார். 2004இல் அதோடு எடுத்த புகைப்படத்தைப் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டில் ஏற்கவைத்ததால் அரசு அங்கீகரித்த சைபோர்க் என்று பெயர் வாங்கினார். பாஸ்போர்ட் எதையும் நிரூபிக்காது. ஆனால் அந்த ஒலிகளை இப்போது கவனித்துக் கேட்க வேண்டியதில்லை, அவை தனக்குப் புலனாகவே ஆகிவிட்டன என்று அவர் சொல்வது முக்கியம்.

இவர்கள் மேடையேறிச் சைபோர்க் என்று கைதட்டு வாங்குவதைப் பார்த்து எரிச்சலடைந்தவர்கள் உண்டு. அமெரிக்கக் கவிஞர் ஜிலியன் வைஸ், கணினிச் சில்லோடு இயங்கும் செயற்கைக் கால் அணிந்தவர்; தன்னைச் சைபோர்க் என்று சொல்லிக்கொள்பவர். ஊனமில்லாதவர்கள் விளையாட்டாகச் சைபோர்க் ஆகப் பார்ப்பதற்கு 2016இல் ‘ட்ரைபோர்க்’ என்று ஒரு பெயர் வைத்தார்: முயன்று பார்க்கிறவர், ஆகாதவர். ஹாரவேயின் அறிக்கை செயற்கைக் கால்களையும் காதுகளையும் உவமையாக எடுத்துக்கொண்டு அவற்றோடு வாழ்கிறவர்களை மறந்துவிட்டது என்பது அவர் வழக்கு. அந்த வழக்கில் நான் அவர் பக்கம். தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி பொருத்திக்கொண்ட குழந்தைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஒலி அவர்கள் செவி நரம்புக்கு மின்னாகவே போகிறது. அவர்களை யாரும் எதிர்கால மனிதர் என்று மேடைக்கு அழைப்பதில்லை. வீட்டில் அதற்குப் பெயர் ‘காது மிஷின்’.

அந்த வெள்ளெலியின் நேரடி வாரிசு யார் என்று கேட்டால், சர்க்கரை நோயாளி. முதல் வகைச் சர்க்கரை நோயில் கணையம் இன்சுலின் சுரப்பதை நிறுத்திவிடும். ஒரு நாளில் பலமுறை சர்க்கரை பார்த்து, கணக்குப் போட்டு, ஊசி போட வேண்டும். பிறர் உடம்பு தன் நினைவின்றிச் செய்யும் வேலையை இவர்கள் விழித்திருந்து செய்கிறார்கள். தூங்கும்போது சர்க்கரை சரிந்தால் உயிருக்கே ஆபத்து. டானா லூயிஸ் என்ற அமெரிக்கப் பெண்ணுக்கு இருந்த சிக்கல் எளிமையானது: தனியாக வசித்தார், ஆழ்ந்து தூங்குவார், தோலில் ஒட்டிய சர்க்கரை மானியின் எச்சரிக்கை ஒலி அவரை எழுப்பவில்லை. முதலில் ஒலியைக் கூட்ட வழி தேடினார். பிறகு ஸ்காட் லீப்ராண்டோடு சேர்ந்து, மானி சொல்வதைக் கேட்டு இன்சுலின் பம்பைத் தானே திருகும் நிரலை எழுதி, 2015இல் ‘ஓப்பன் ஏபிஎஸ்’ என்று எல்லாருக்கும் திறந்துவிட்டார். ஒலி கேட்டு எழுந்திருக்கவே வேண்டாம் என்றாயிற்று.

2016 செப்டம்பரில் அமெரிக்க அரசு அனுமதித்த ‘மினிமெட் 670ஜி’ பம்பு இதையே கடைச்சரக்காக்கியது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சர்க்கரையைப் பார்த்து இன்சுலினைக் கூட்டும், குறைக்கும். தோலுக்கடியில் மருந்து, சமநிலை, தன் நினைவின்மை: ராக்லாண்ட் கட்டுரையில் கேட்ட எல்லாம் இருக்கிறது, விண்வெளி மட்டும் இல்லை. மருத்துவர்கள் இதைச் சைபோர்க் என்று அழைப்பதில்லை. ‘ஹைபிரிட் குளோஸ்டு லூப்’ என்கிறார்கள். ஹைபிரிட் என்ற ஒட்டு ஏன் என்றால், சாப்பாட்டு நேரத்தில் அது தனியாகச் சமாளிக்காது. தட்டில் இருக்கும் மாவுச்சத்து எவ்வளவு என்று நாமே கணக்கிட்டுப் பொத்தானை அழுத்த வேண்டும். 1960இன் இலக்கணத்தைக் கறாராகப் பிடித்தால், அதை அணிந்தவர் இரவில் முழுச் சைபோர்க், காலைப் பலகாரத்தின்போது பாதிதான். எத்தனை இட்லி என்பதை இன்னும் பம்புக்குச் சொல்லியாக வேண்டியிருக்கிறது.